சூப்பர்சார்ஜர் காரில் இன்டர்கூலர் கோளாறு: அறிகுறி பார்த்து, அளந்து, பிறகு வாங்குங்கள்

பெரிய இன்டர்கூலர் (சூப்பர்சார்ஜர் அமுக்கியதில் சூடான காற்றைக் குளிரவைக்கும் பாகம்) வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், ஒரு வாரம் அந்தப் பணத்தைத் தொடாமல் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள். சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பம்ப்) உள்ள காரில் பிக்கப் குறைந்தால் "கோர் (இன்டர்கூலரின் தகடுகள் கொண்ட உடல்) சின்னது, பெரிசா போட்டுடலாம்" என்ற யோசனைதான் முதலில் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. என்னிடம் இருப்பது 2005ஆம் வருட மினி கூப்பர் எஸ். வெயில் காலத்தில் இழுவை குறைகிறது என்று ஒரு கடையில் காட்டினேன். அவர்கள் சொன்னபடி முன்பக்கம் வைக்கும் பெரிய இன்டர்கூலரை மாட்டினேன். பம்பரை வெட்ட வேண்டியிருந்தது, பைப் எல்லாம் புதிதாக வளைக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, கழற்றி வைத்த பழைய பாகங்களை எடுத்துத் துடைத்தபோதுதான் பார்த்தேன்: இன்டர்கூலரை இணைக்கும் பழைய ரப்பர் உறையின், அதாவது பூட்டின், அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். புது பூட் இரண்டு வாங்கிப் பழைய இன்டர்கூலரையே திரும்ப மாட்டினேன். இழுவை வந்துவிட்டது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அதனால் இங்கே அளப்பதும் சோதிப்பதும் முதலில் வருகின்றன. எந்த இன்டர்கூலர் வாங்குவது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் என்ன அளக்க வேண்டும்

ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (காரின் கணினி தரும் எண்களை எடுக்கும் கருவி), போனில் அதைப் படிக்கும் ஒரு செயலி, தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று. இது போதும். செயலியில் நான்கு எண்களைப் பதிவு செய்யுங்கள்: உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தம், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்), ஆர்பிஎம். ஆள் இல்லாத நேரான சாலையிலோ டிராக்கிலோ மூன்றாவது கியரில் 2500இலிருந்து 6000 வரை ஒரே மிதி. ஐந்து நிமிடம் சாதாரணமாக ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை. போனை நீங்கள் பார்க்காதீர்கள், பதிவு தானாக ஓடட்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. சில கார்களில் ஓபிடி காட்டும் காற்று வெப்பநிலை, சூப்பர்சார்ஜருக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் சென்சாருடையது. அதை வைத்து இன்டர்கூலரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஃபோர்டு 2003, 2004இல் விட்ட மஸ்டாங் கோப்ரா மாதிரியான கார்களில் இன்டர்கூலருக்குப் பின்னால் தனியாக இரண்டாவது சென்சார் இருக்கும்; அதைத்தான் பதிவு செய்ய வேண்டும். மினியில் மேனிஃபோல்டிலேயே சென்சார் இருப்பதால் கவலையில்லை.

எது சாதாரணம், எது கோளாறு என்று தெரிய ஒரு சின்னக் கணக்கு. வெளியே 35 டிகிரி, பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தம்) 0.7 பார் என்று வையுங்கள். ஈட்டன் எம்45 போன்ற ரூட்ஸ் வகை (இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும் வகை) சூப்பர்சார்ஜரின் திறன் 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், காற்று அதிலிருந்து வெளிவரும்போது ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும். ஒரு சுமாரான இன்டர்கூலர், வெளிக்காற்றைவிடக் கூடியிருக்கும் இந்த 85 டிகிரியில் 70 சதவீதத்தை எடுத்துவிடும். மேனிஃபோல்டில் 60 டிகிரி வரும். ஆகவே வெயில் நாளில் முழு மிதியில் 60 காட்டினால் பதற வேண்டாம், இன்டர்கூலர் தன் வேலையைச் செய்கிறது. அதே நாளில் 85, 90 என்று போனால்தான் தேட வேண்டும். இன்னொன்று, காற்றாலோ அந்தக் காற்றில் குளிர்ந்த தண்ணீராலோ வேலை செய்யும் இன்டர்கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளிக்காற்றின் சூட்டுக்குக் கீழே போகாது.

சிக்னலில் நின்று கிளம்பினால் மட்டும் மந்தம்

நின்றிருக்கும்போது காற்று வெப்பநிலை மெல்ல ஏறும், கிளம்பி ஒன்றிரண்டு நிமிடம் ஓடினால் இறங்கும், இழுவை திரும்ப வரும். இது சூடு ஊறிப்போவது. மினி கூப்பர் எஸ் மாதிரி இன்டர்கூலர் இன்ஜின் தலைமேலேயே படுத்திருக்கும் கார்களில் இது பிறவிக் குணம். கீழே அடுப்பு, மேலே பானெட்.

ஆனால் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை என்றால், பானெட் மேலிருக்கும் ஸ்கூப் வழியாக வரும் காற்று கோருக்குள் போகவில்லை என்று அர்த்தம். பானெட்டைத் திறந்து, ஸ்கூப்பும் இன்டர்கூலரும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் சீலைப் பாருங்கள். பழைய கார்களில் அது காய்ந்து, சுருங்கி, பாதி காணாமலே போயிருக்கும். காற்றுக்குக் கோரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிட அந்த இடைவெளியில் நழுவிப் போவது சுலபம். சீலின் மேல் சாக்பீஸ் தடவிப் பானெட்டை மூடித் திறந்தால், எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும். கூடவே தகடுகளுக்கு நடுவே இலை, பூச்சி, தூசி இருந்தால் குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசுங்கள். தகடுகள் மடங்கிவிடும், பிரஷர் வாஷர் வேண்டாம்.

மிதிக்காமல் சும்மா ஓட்டும்போதே காற்று சூடு

நிதானமாக 80 கிலோமீட்டரில் போகிறீர்கள், பூஸ்ட் இல்லை, ஆனால் மேனிஃபோல்ட் காற்று வெளிக்காற்றைவிட 30, 40 டிகிரி கூட. இந்த இடத்தில் பலர் இன்டர்கூலரைக் குறை சொல்வார்கள். நான் முதலில் பைபாஸ் வால்வைப் பார்ப்பேன்.

ரூட்ஸ் வகையிலும் ஸ்க்ரூ வகையிலும் சூப்பர்சார்ஜர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிக்காதபோது அது தள்ளும் காற்றைத் தன் முன்பக்கத்துக்கே திருப்பி விடுவது பைபாஸ் வால்வு. மினி போன்றவற்றில் வேக்குவம் அதைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். வேக்குவம் வரும் சின்ன ஹோஸ் வெடித்திருந்தால் வால்வு மூடியே இருக்கும்; சூப்பர்சார்ஜர் தேவையில்லாமல் காற்றை அமுக்கிச் சுடவைக்கும். மெதுவாகப் போகும்போது வண்டி குதித்துக் குதித்துப் போவதும் இதனால்தான். வால்வு சரியாக மூடாவிட்டால் நேர்மாறாக நடக்கும்: பூஸ்ட் ஏறாது, அமுக்கிய சூடான காற்று திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றும்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்வின் கை இழுக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். கை போய் மூடித் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் கோளாறு ஹோஸில், அல்லது கையை இழுக்கும் டயஃப்ராமில்.

விசில் சத்தம், பூஸ்ட் குறைவு, ஐடில் ஏறி இறங்குவது

மூன்றும் சேர்ந்து வந்தால் கசிவு. இதில் த்ரோட்டில் (மிதிக்கும்போது திறந்து காற்றை விடும் வால்வு) எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மினி போன்ற கார்களில் த்ரோட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. ஐடிலில் சூப்பர்சார்ஜர், இன்டர்கூலர், பூட் எல்லாமே வேக்குவத்தில்தான் இருக்கும். கிழிந்த பூட் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஐடில் கெடும். மிதித்தால் அதே ஓட்டை வழியாக பூஸ்ட் வெளியே போகும். வோர்டெக், ரோட்ரெக்ஸ் போன்ற சென்ட்ரிஃபியூகல் வகையில் (சக்கரம் வேகமாகச் சுழன்று காற்றை வீசித் தள்ளும் வகை) த்ரோட்டில் கடைசியில் இருப்பதால் பைப்பில் ஓட்டை இருந்தாலும் ஐடில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மிதிக்கும்போதுதான் தெரியும். காற்றின் அளவை முன்னாலேயே அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார் என்றால் கூடவே கறுப்புப் புகையும் வரும்: எண்ணிய காற்று வெளியே ஓடிவிடுகிறது, அதற்கென ஊற்றிய பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது.

புகை விட்டுச் சோதிப்பதுதான் சிறந்த வழி. அந்த மெஷின் இல்லையென்றால் இன்டேக் வாயை அடைத்து, த்ரோட்டிலைத் திறந்து பிடித்து, ரெகுலேட்டர் வைத்த கம்பிரசரில் 0.3 பார் விடுங்கள், இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். 0.5 பாருக்கு மேல் போகாதீர்கள். திறந்திருக்கும் வால்வுகள் வழியாக இன்ஜினுக்குள் கொஞ்சம் காற்று போகும், அந்தச் சத்தத்தைக் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

மினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பூட்டுகளின் மேல்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கழற்றி, கையில் வளைத்து, அடிப்பக்க மடிப்புகளை விரித்துப் பாருங்கள். எனக்குப் போனது அங்கேதான். திரும்ப மாட்டும்போது பூட்டின் உதடு முழுவதும் பொருந்திய பிறகே போல்ட்டை முடுக்குங்கள்.

தண்ணீர் இன்டர்கூலர்: முதல் மிதி அருமை, சில நொடியில் மந்தம்

மஸ்டாங் கோப்ரா, கெடிலாக் சிடிஎஸ்-வி, ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐ போன்றவற்றில் இன்டர்கூலர் சூப்பர்சார்ஜரை ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கும். காற்றின் சூட்டைத் தண்ணீர் வாங்கி முன்பக்கத்தில் இருக்கும் தனி ரேடியேட்டருக்குக் கொண்டு போகும். இதில் கோரைவிட அதிகமாகப் பழுதாவது பம்ப்.

எவ்வளவு சூடு என்று பாருங்கள். சுமார் 200 குதிரைத்திறன் இன்ஜின் முழு மிதியில் நொடிக்கு 0.15 கிலோ காற்றை இழுக்கும். அதை 60 டிகிரி குளிரவைக்க 9 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும், நாலு பாத்ரூம் கீசரை ஒன்றாகப் போட்டதைவிட அதிகம். பம்ப் நின்றுபோனால் அந்தச் சூட்டை வாங்க கோருக்குள் தேங்கிய தண்ணீர் மட்டும்தான். அது அரை லிட்டர் என்றால் நொடிக்கு 4 டிகிரி வீதம் ஏறும். ஆகவே முதல் மூன்று நான்கு நொடி எந்தக் குறையும் தெரியாது. அப்புறம் டைமிங்கை ஈசியு (இன்ஜின் கணினி) பின்னுக்கு இழுத்துவிடும், இழுவை குறையும். "கிளம்பும்போது நல்லா இருக்கு, உடனே செத்துப் போகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பம்ப் ஃபியூஸைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சாவியைப் போட்டு, ரிசர்வாயர் மூடியைத் திறந்து, தண்ணீர் புரள்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் பம்ப் எப்போதும் ஓடாது, சூடு வந்தால்தான் ஓடும். அப்போது கனெக்டரைக் கழற்றி நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். பம்ப் உறுமுகிறது ஆனால் தண்ணீர் அசையவில்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது அல்லது இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) போய்விட்டது. சமீபத்தில் யாராவது ஹோஸைக் கழற்றியிருந்தால் காற்றுதான். மிக உயரமான இடத்தில் புனல் வைத்து, காரின் முன்பக்கத்தைத் தூக்கி, பம்ப்பை ஓட விட்டு, குமிழி நிற்கும்வரை பொறுமையாக நிரப்புங்கள். வேக்குவம் போட்டு நிரப்பும் கருவி கிடைத்தால் பத்து நிமிட வேலை.

பம்ப் ஓடுகிறது, காற்றும் இல்லை, இருந்தும் சூடு என்றால் ஓட்டி வந்து நிறுத்தியவுடன் கோருக்குள் போகும் ஹோஸ், வெளியே வரும் ஹோஸ் இரண்டின் சூட்டையும் எடுங்கள். ரப்பரின் மேல் எடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் இன்ஃப்ராரெட் பொய் சொல்லும். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் மேலே சொன்ன 9 கிலோவாட்டுக்கு வித்தியாசம் 9 டிகிரிக்குள்தான் வர வேண்டும். நிறுத்தி எடுக்கும்போது அதைவிடக் குறைவாகவே காட்டும். அப்படியும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டம் போதவில்லை: மடங்கிய ஹோஸ், தளர்ந்த பம்ப், அடைப்பு. வித்தியாசம் குறைவு ஆனால் இரண்டு ஹோஸுமே கொதிக்கின்றன என்றால் தண்ணீர் நன்றாகச் சுற்றுகிறது, முன் ரேடியேட்டரால்தான் சூட்டைக் கழிக்க முடியவில்லை. அதன் தகடுகளுக்கு இடையே வருடக்கணக்கான பூச்சியும் மண்ணும் இருக்கும், கழுவுங்கள்.

கூலன்ட் கலவையும் பாருங்கள். பாதிக்குப் பாதி கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்தால் தண்ணீரின் சூடு சுமக்கும் திறன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். உறைபனி இல்லாத ஊரில் அந்த அளவு கிளைக்கால் தேவையில்லை. வடிகட்டிய தண்ணீர், துருத் தடுப்பான், கொஞ்சம் கிளைக்கால் போதும்.

டிராக்கில் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஒவ்வொரு சுற்றும் மெதுவாகிறது

இதுதான் உண்மையான கொள்ளளவுப் பிரச்சினை. எதுவும் கெட்டுப்போகவில்லை, சூடு வருகிற வேகத்தில் வெளியேறவில்லை. ரிசர்வாயரை மட்டும் பெரிதாக்கினால் சூடு ஏறுவது தள்ளிப்போகும், நிற்காது. முன் ரேடியேட்டரைப் பெரிதாக்குவதுதான் தீர்வு. அதற்குப் பின்னால் காற்று வெளியேற வழி இருக்கிறதா, ஓரங்களில் நழுவாமல் தடுப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கூலன்ட் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை

இதைப் பார்த்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். தண்ணீர் இன்டர்கூலரின் கோர் உள்ளே கசிந்தால் தண்ணீர் மேனிஃபோல்டுக்குள் இறங்கும். இரவெல்லாம் தேங்கிய தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. பூஸ்ட்டில் நேர்மாறாகக் காற்று தண்ணீருக்குள் புகும், ரிசர்வாயரில் குமிழி வரும். கூலன்ட் சுற்றை மட்டும் கைப்பம்ப்பால் 1 பார் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் கசிவு உள்ளேதான்.

இன்டர்கூலருக்குள் எண்ணெய்

மெல்லிய படலம் சகஜம், கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) மூச்சுக்குழாய் வழியாக வருவது. குழம்பாகத் தேங்கியிருந்தால் மூலத்தைத் தேடுங்கள். சூப்பர்சார்ஜரின் சொந்த எண்ணெய்க்குக் குடலைப் புரட்டும் ஒரு தனி நாற்றம் உண்டு. ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. அது வந்தால் சீல் போய்விட்டது. மினியில் தண்ணீர் பம்ப்பும் சூப்பர்சார்ஜரின் பின்பக்க கியரில்தான் ஓடுகிறது; எண்ணெய் வற்றினால் இரண்டும் சேர்ந்து போகும்.

வெப்பநிலை சரி, ஆனால் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் விழுகிறது

இன்டர்கூலரை விட்டுவிடுங்கள். பெல்ட் வழுக்குகிறது. டென்ஷனர், பெல்ட்டின் பளபளப்பு, புல்லி ஓரத்தில் கறுப்புத் தூள். சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கச் சின்ன புல்லி போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

சரி, எதை வாங்குவது?

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் முழு மிதியில் காற்று வெளிக்காற்றைவிட 40 டிகிரிக்கு மேல் ஏறினால், அல்லது சின்ன புல்லி போட்டுப் பூஸ்ட்டைக் கூட்டப் போகிறீர்கள் என்றால், இப்போது பணத்தை எடுக்கலாம்.

தினசரி ஓட்டும் மினி மாதிரி காருக்கு அதே இடத்தில் பொருந்தும் பெரிய மேல் இன்டர்கூலரைத்தான் நான் சொல்வேன். பைப் நீளாது, த்ரோட்டில் உணர்வு மாறாது. முன்பக்க இன்டர்கூலர் குளிர்வதில் கெட்டி, நீண்ட வேக ஓட்டத்தில் அதை அடிக்க முடியாது. ஆனால் த்ரோட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும் காரில், த்ரோட்டிலுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட பைப் முழுவதும் ஒவ்வொரு மிதிக்கும் நிரம்ப வேண்டும். மிதித்ததும் பாயும் அந்தக் குணத்துக்காகத்தான் சூப்பர்சார்ஜர் காரை வாங்குகிறோம். அது மழுங்குவதை இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தவன் நான். த்ரோட்டில் கடைசியில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் கிட்டுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அங்கே முன்பக்கமே சரி.

இடம் இல்லாத இன்ஜின் அறைக்கும், குறுகிய மிதிகளுக்கும் தண்ணீர் வகை. நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் (drag) ரேஸுக்குப் போகிறவர்கள் தொட்டியில் ஐஸ் போடுவது வீண் வேலை இல்லை. 5 கிலோ ஐஸ் உருகும்போது மட்டும் 1670 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். நம் 9 கிலோவாட் கணக்கில் மூன்று நிமிட முழு மிதி. கால் மைல் ஓட்டம் சுமார் பதினைந்து நொடிதான்.

கோரைத் தேர்ந்தெடுக்கும்போது தடிமனைவிட முகப்பின் பரப்பைப் பாருங்கள். தடித்த கோரின் பின்வரிசைக்குப் போவது ஏற்கெனவே சூடான காற்று. இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அளந்தால் முழு மிதியில் இழப்பு 0.1 பாருக்குள் இருப்பது நல்லது.

மாட்டிய பிறகு பூஸ்ட் குறைந்துவிட்டது

இந்த அறிகுறியைப் பார்த்து நல்ல இன்டர்கூலரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ரூட்ஸ், ஸ்க்ரூ வகைகள் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று காற்றை எண்ணித் தள்ளுபவை. அதே காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். முன்பு 70 டிகிரியில் 0.7 பார் காட்டிய கார், 50 டிகிரியில் 0.6தான் காட்டும், இன்ஜினுக்குள் போகும் காற்றின் எடை குறையவில்லை. சூடு குறைந்ததால் டைமிங் முன்னால் போகும், இழுவை கூடும். பதிவில் வெப்பநிலை இறங்கி, டைமிங் ஏறியிருந்தால் புது இன்டர்கூலர் வேலை செய்கிறது. வெப்பநிலை இறங்காமல் பூஸ்ட் மட்டும் குறைந்திருந்தால் புது இணைப்பு எங்கோ கசிகிறது. சோப்பு நுரையை மறுபடி எடுங்கள், கடைசியாக முடுக்கிய கிளாம்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.